எங்களுக்கு அது கற்பூர மரம்

பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கூட இருந்தவர் சாலையோர மரங்களைக் காட்டி "எல்லாம் நீலகிரி" என்றார். யூகலிப்டஸைத்தான் சொல்கிறார். கன்னடத்தில் மட்டுமல்ல, தெலுங்கிலும் இந்தியிலும் அந்த மரத்துக்கு நீலகிரி என்ற பேர் உண்டு. நீலகிரியில் பிறந்து வளர்ந்த நாங்கள் யாரும் அப்படிச் சொன்னதில்லை. கோத்தகிரியில் அது கற்பூர மரம்.

மரம் ஆஸ்திரேலியாவுடையது. ஊட்டியில் குடியேறிய வெள்ளைக்காரர்கள் விறகுக்காகச் சோலைகளை வெட்டித் தள்ளினார்கள். சீக்கிரம் வளரும் மரம் தேவைப்பட்டது. 1843-ல் இதைக் கொண்டுவந்து நட்டார்கள். அப்புறம் இலையைக் காய்ச்சித் தைலம் எடுத்தார்கள். 'நீலகிரித் தைலம்' ஊர் ஊராகப் போக, தைலத்தின் பேரே மரத்துக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். புதுக்கோட்டைப் பக்கம் தைல மரம் என்றே சொல்கிறார்கள். நீலகிரி என்ற பேரோ சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. செங்குட்டுவன் வடக்கே படையெடுத்துப் போகும் வழியில் அங்கே தங்குகிறான். அத்தனை பழைய பேர், வந்து இருநூறு வருஷம்கூட ஆகாத மரத்துக்குப் போய்ச் சேர்ந்ததை என் மனசு இன்னும் ஏற்கவில்லை.

யூகலிப்டஸ் என்ற பேர் மட்டும் அவ்வளவு பொருத்தம். கிரேக்கத்தில் 'நன்றாக மூடியது' என்று அர்த்தம். ஒரு மொட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாம்பல் பூசினாற்போல, சொரசொரவென்று, முனைகள் துருத்திய சின்னக் கிண்ணம். அதன்மேல் நடுவில் குமிழ் வைத்த மூடி. இதழ்களே ஒன்றாக ஒட்டி மூடியாகி இருக்கின்றன. பூக்கும்போது மூடி கழன்று விழ, உள்ளிருந்து வெளிர்மஞ்சள் இழைகள் கொத்தாக விரியும். கீழே கிடக்கும் மூடிகளைப் பொறுக்கித் திண்ணையில் பம்பரம் விடுவோம்.

கற்பூர மரம் என்பது மூக்கு வைத்த பேர். இலையைக் கசக்கினால் போதும், தெரிந்துவிடும். அசல் கற்பூரம் தரும் மரங்கள் வேறு. சுமத்ரா, போர்னியோ பக்கமிருந்து கப்பலேறி வந்த சரக்கு அது. மலாயில் காப்பூர், அரபியில் காஃபூர், ஆங்கிலத்தில் கேம்ஃபர், நமக்குக் கற்பூரம். எல்லாம் ஒரே வழியில் வந்த சொற்கள்.

ஆங்கிலமும் எங்கள் மலையிலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொண்டிருக்கிறது. மலை மடிப்புகளில் ஓடையை ஒட்டி, பாசி படர்ந்து, நெருக்கமாக நிற்கும் குட்டைக் காட்டுக்குத் தாவரவியலாளர்கள் 'ஷோலா' என்றுதான் எழுதுகிறார்கள். நம் சோலைதான். இந்தச் சொல் போனதில் எனக்கு வருத்தமே இல்லை, பெருமைதான். காடு மிஞ்சியிருக்கும் இடங்கள்தான் குறைவு. கோத்தகிரி லாங்வுட் சோலையில் இன்னும் இருக்கிறது. சுற்றியுள்ள ஊர்களுக்குக் குடிதண்ணீரும் அங்கிருந்து வருகிறது. இந்தப் பக்கம் வந்தால் வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு ஒருதரம் போய்ப் பாருங்கள்.