கெட்ட கனவு வருகிறதா?

கிளிநொச்சிப் பக்கம் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். போகும் வீடுகளுக்கெல்லாம், பயங்கரமான அனுபவத்துக்குப் பின் வரும் மனவடு நோய் (PTSD) இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு படிவமும் கூடவே வரும். கெட்ட கனவு வருகிறதா, நடந்ததை நினைவூட்டும் விஷயங்களைத் தவிர்க்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்டுப் புள்ளி போடவேண்டும்.

2009இல் காணாமல்போன மகனைத் தேடும் ஓர் அம்மாவிடம் கனவுக் கேள்வியைக் கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். "முந்தநாள் வந்தவன் பிள்ளை. சாப்பிட்டனியோ எண்டு கேட்டனான். ஒண்டும் சொல்லேல்லை, சிரிச்சவன்." கெட்ட கனவோ என்று திரும்பக் கேட்டேன். "பிள்ளை வாறது கெட்ட கனவே?" என்றார். மகன் கனவில் வராத கிழமைகளில்தான் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அடுத்தது தவிர்ப்பது பற்றிய கேள்வி. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல்போனோரின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தில், மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு நாட்கணக்கில் இருந்தவர் அவர். எதைத் தவிர்க்கிறார்? புள்ளி பூச்சியம். கணக்கைப் பார்த்தால் சுகமாகிவிட்டார்!

படிவம் தேடும் இந்த மனவடு நோய் 1980இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது. வியட்நாமிலிருந்து திரும்பிய படைவீரர்களின் நிலைமை அதற்கு ஒரு பெரிய காரணம். அந்த வீரர் வீடு வந்து சேர்ந்துவிட்டார், போர் முடிந்துவிட்டது, நினைவுதான் விடவில்லை. இங்கே எதுவும் முடியவில்லை. அடிபட்டதும் ஒரு ஆளின் மனம் மட்டுமில்லை. யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணிபுரிந்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், குடும்பமும் ஊரும் சேர்ந்தே உடைவதைக் கூட்டு மனவடு என்று எழுதியிருக்கிறார். படிவத்தில் அதற்கு இடமில்லை.

அதற்காகப் படிவமே வேண்டாம் என்று சொல்லவரவில்லை. பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலுக்குக் கீழே போகிறவரை அது சரியாகவே பிடிக்கிறது.

ஆனால் கணவரைத் தேடும் ஒரு அக்காவுக்கு வருத்தமே பொட்டில்தான் இருந்தது. வைத்தால் ஊர், "மனுசன் இல்லாமல் ஆருக்குப் பொட்டு?" என்றது. வைக்காவிட்டால் மாமி, "என்ர பிள்ளை செத்திட்டான் எண்டு முடிவெடுத்திட்டியோ?" என்றார். வீட்டில் வைத்து, சந்தி வந்ததும் அழித்துவிடுவார். கிளினிக்கில் அவர் சொன்னது தலையிடி, நெஞ்சுப் பாரம். கிடைத்தது பனடோல். போர் முடிந்த மே மாதத்தைவிடக் கலியாண வீடுகள் வரும் மாதங்களில்தான் தலையிடி கூடும்.

சடங்கும் அப்படித்தான். செத்தவருக்கு 31ஆம் நாள் அந்தியேட்டி, அப்புறம் ஆண்டுத் திவசம். திதி தெரியாமல் திவசம் எப்படிச் செய்வது? செய்தால் நாமே அவரைச் சாகடித்த மாதிரி. பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கருக்கு இதில் கொஞ்சம் ஆறுதல் உண்டு. உயிரோடிருப்பவருக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கலாம் என்பதால், செத்தாரா இருக்கிறாரா என்று முடிவெடுக்காமலே கோயிலில் பெயர் சொல்லலாம். ஒரே இனம், ஒரே ஊர், ஒரே இழப்பு, ஆனால் நெஞ்சு அடைப்பது வேறு வேறு இடத்தில்.

2016இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் எடுக்கலாம். காணி அலுவல், வங்கி அலுவலுக்கு உதவும். பொட்டுக்கு எந்தக் கந்தோரில் சான்றிதழ் தருகிறார்கள்?

இப்போதெல்லாம் படிவத்தின் பின்பக்கத்தில் என் கேள்விகளையும் எழுதிக்கொள்கிறேன். நல்லது கெட்டதுக்குப் போகிறீர்களா, போனால் எங்கே உட்காருவீர்கள், வீட்டில் அவரைப் பற்றி யாரோடு கதைப்பீர்கள். அந்த அக்கா கடைசிக் கேள்விக்கு "ஒருத்தரோடையும் இல்லை" என்றார். அதனால் மாமியையும் கூட்டிவரச் சொன்னேன். முதல்நாள் சண்டைதான். பிறகொரு நாள், அவன் சின்ன வயதில் செய்த குழப்படிகளை இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழும்பிப் போகும்போது மாமி, "வை பிள்ளை. ஆரும் கேட்டால் என்னட்டை அனுப்பு" என்றார்.

தலையிடி குறைந்திருக்கிறது. தூக்கம் இன்னும் சரிவரவில்லை. அதற்கு மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறேன்.