ஃபோல்டர் பட்டியலை மூடுவதும், மூடியதாக நினைத்துக்கொள்வதும்

உங்கள் தளத்தில் படங்கள் கிடக்கும் ஃபோல்டரின் முகவரியைக் கடைசியில் சாய்கோடு போட்டுத் திறந்து பாருங்கள். ‘இண்டெக்ஸ் ஆஃப்’ என்ற தலைப்பின் கீழ் கோப்புகளின் பெயர், தேதி, அளவு எல்லாம் வரிசையாக வந்தால், வருகிறவர் எவரும் அதைப் பார்க்கலாம்.

தளத்தின் பக்கங்களை உலாவிக்கு அனுப்பும் சர்வர் மென்பொருள்களில் ஒன்றான அப்பாச்சியில் இது நடக்கும் விதம் எளிது. ஃபோல்டரைக் கேட்டால் முதலில் இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் போன்ற முகப்புக் கோப்பு இருக்கிறதா என்று தேடும். அது இல்லாமல், ‘இண்டெக்ஸஸ்’ என்ற ஆப்ஷனும் இயங்கிக்கொண்டிருந்தால், ஆட்டோஇண்டெக்ஸ் மாட்யூல் தானே ஒரு பட்டியலைத் தயாரித்து நீட்டிவிடும். டெபியன், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகள் இரண்டிலும் இணையத்தளங்களுக்கான ஃபோல்டருக்கு இந்த ஆப்ஷன் இயல்பிலேயே போடப்பட்டிருக்கிறது.

தீர்வு ஒரே வரிதான். தளத்தின் மேல்மட்ட ஃபோல்டரில் உள்ள .எச்டிஆக்ஸஸ் என்ற அப்பாச்சி அமைப்புக் கோப்பில் ‘ஆப்ஷன்ஸ் -இண்டெக்ஸஸ்’ என்று, ஆங்கில எழுத்தில், சேர்த்தால் போதும். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் அது செல்லும். சர்வரை மீண்டும் தொடங்க வேண்டியதில்லை.

வரியைப் போட்டும் பட்டியல் வந்துகொண்டே இருந்தால், சர்வரின் முதன்மை அமைப்புக் கோப்பில் உள்ள ‘அலவ்ஓவர்ரைடு நன்’ என்ற வரியைச் சந்தேகப்படுங்கள். அது இருந்தால் .எச்டிஆக்ஸஸ் கோப்பை அப்பாச்சி படிக்கவே படிக்காது. பிழைச் செய்தியும் தராது. 2.4 பதிப்பில் இயல்பான அமைப்பே இதுதான். மாறாக 500 என்ற சர்வர் பிழை வந்தால், கோப்பைப் படிக்கிறது, ஆனால் ஆப்ஷன்ஸ் வரிக்கு அனுமதி இல்லை என்று இருக்கலாம். இல்லையென்றால் ‘-இண்டெக்ஸஸ் ஃபாலோசிம்லிங்க்ஸ்’ என்று குறி உள்ளதையும் இல்லாததையும் ஒரே வரியில் கலந்திருப்பீர்கள். எல்லாவற்றுக்கும் கூட்டல் அல்லது கழித்தல் குறி வேண்டும், அல்லது எதற்கும் கூடாது. சர்வரின் பிழைப் பதிவேடான எரர் லாக்கில் காரணம் அப்படியே எழுதியிருக்கும்.

சர்வரின் முதன்மை அமைப்புக் கோப்பே உங்கள் கையில் இருந்தால், அங்கே டைரக்டரி பகுதியிலிருந்து ‘இண்டெக்ஸஸ்’ என்ற சொல்லை நீக்குவதே சுத்தமான வழி. பிறகு அமைப்பில் பிழை உண்டா என்று பார்க்கும் கான்ஃபிக்டெஸ்ட் கட்டளையை ஓட்டி, சர்வரை ரீலோடு செய்யுங்கள்.

மற்றொரு சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸில் ‘ஆட்டோஇண்டெக்ஸ்’ இயல்பாகவே அணைந்திருக்கும். பட்டியல் வருகிறதென்றால் யாரோ ‘ஆன்’ என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியைத் தேடி எடுங்கள். அங்கே .எச்டிஆக்ஸஸ் வைத்துப் பயனில்லை.

ஒவ்வொரு ஃபோல்டரிலும் காலியான இண்டெக்ஸ் கோப்பைப் போடுவது பழைய வழக்கம். புதிதாக உருவாகும் ஃபோல்டரில் அதைப் போட மறந்தால் அங்கே ஓட்டைதான். அப்பாச்சியில் ‘இண்டெக்ஸ்இக்னோர் *’ போட்டாலோ பக்கம் வரும், பட்டியல் மட்டும் காலியாக இருக்கும். அரைகுறை வேலை.

சோதிக்கும்போது முகப்புக் கோப்பு இல்லாத ஃபோல்டரையே தேர்ந்தெடுங்கள். பதிலின் தலைப்புத் தகவலை மட்டும் கேட்கும் ‘கர்ல் -ஐ’ கட்டளைக்கு 403 (அனுமதி இல்லை) வந்தால் சரி, 200 (கிடைத்தது) வந்தால் இன்னும் திறந்திருக்கிறது. 301 (வேறு முகவரிக்குப் போ) வந்தால் கடைசிச் சாய்கோட்டை விட்டிருக்கலாம்.

இத்தனையும் செய்த பிறகும் கோப்புகள் பூட்டப்படவில்லை, பெயர்கள்தான் மறைந்திருக்கின்றன. பேக்கப்.எஸ்கியூஎல் என்று யாரும் ஊகிக்கக்கூடிய பெயரில் தரவுத்தள நகல் கிடந்தால், நேரடி முகவரியில் அது அப்படியே இறங்கும். நிரலின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் .கிட் ஃபோல்டர் இன்னும் மோசம்: அதன் உள்ளமைப்பு எல்லோருக்கும் தெரிந்தது என்பதால் பட்டியலே தேவையில்லை. இவற்றைத் தளத்தின் ஃபோல்டருக்கு வெளியே நகர்த்துங்கள். முடியாவிட்டால் அப்பாச்சியில் அந்த ஃபோல்டருக்கு ‘ரிக்வயர் ஆல் டினைடு’ போடுங்கள். தேடுபொறிகளுக்குக் குறிப்பு எழுதி வைக்கும் ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டியில் எழுதி மறைக்க நினைக்காதீர்கள். அந்தக் கோப்பை யாரும் திறந்து படிக்கலாம். எங்கே தேட வேண்டும் என்று நாமே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும்.