ஐப்பசிக்குப் போய்க் கார்த்திகைக்கு முன் திரும்ப: 4020 வண்டியின் தயாரிப்பு நிலவரம்

திருவொற்றியூரிலிருந்து ஆந்திரத்தின் அரக்கு, ஒடிசாவின் கோராபுட், சத்தீஸ்கரின் ஜகதல்பூர் போய்த் திரும்ப 24 நாள். வண்டி ஃபோர்ஸ் டிராவலர் வேன், 4020 வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 4,020 மில்லிமீட்டர்), நீளம் சுமார் 7 மீட்டர். சீட்டுகளை எடுத்துவிட்டுக் கட்டில், சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி வைத்தது. மூன்று பேர். புரட்டாசி பாதி வரை முடிந்த வேலையும், சோதித்ததில் வெளிவந்த கோளாறுகளும் இவை.

முதலில் தேதி. ஜகதல்பூர் இருக்கும் பஸ்தர் பக்கம் தென்மேற்குப் பருவமழை அக்டோபர் நடுவில் விலகும். அப்போது இந்திராவதியில் தண்ணீர் நிறைந்திருக்கும், சித்திரகோட் அருவி அகலமாக விழும், வானம் தெளிந்திருக்கும். ஆனால் அக்டோபர் 20 வாக்கில் நம் பக்கம் வடகிழக்கு தொடங்கிவிடும். போவது சுலபம், திரும்புவது மழைக்குள். கடலோரமாக ரொம்ப முன்னாலேயே கிளம்புவதும் நல்லதில்லை. பைலின் புயல் 2013 அக்டோபர் 12-இல் கோபால்பூரிலும், ஹுட்ஹுட் 2014-இல் அதே தேதியில் விசாகப்பட்டினத்திலும், தித்லி 2018 அக்டோபர் 11-இல் வட ஆந்திரக் கரையிலும் ஏறின. அதனால் அக்டோபர் 16 கிளம்பி நவம்பர் 8-க்குள் வீடு.

திரும்பும் வழிக்கு இரண்டு சாலை போட்டு வைத்திருந்தோம். ஒன்று விஜயவாடா, ஓங்கோல், நெல்லூர் வழியாக என்ஹெச் 16. அது துண்டிக்கப்பட்டால் குண்டூரிலிருந்து வினுகொண்டா, கடப்பை, ராஜம்பேட்டை, ரேணிகுண்டா, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம். வரைபடத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 2021 நவம்பர் மழையில் பெண்ணாறு நெல்லூருக்கு வடக்கே படுகுப்பாடு பக்கம் நெடுஞ்சாலையை அரித்தது, அதே மழையில் பெண்ணாற்றின் கிளையான செய்யேற்றின் அன்னமய்யா அணை உடைந்து ராஜம்பேட்டைப் பக்கமும் வெள்ளம். கடலோரத்தை அடிக்கும் புயல் மழை உள்ளே தள்ளியிருக்கும் ராயலசீமையையும் சேர்த்தே அடிக்கிறது. ஆகவே மாற்றுச் சாலையை நம்பி வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டோம். விஜயவாடாவுக்கு வடக்கே மேடான இடத்தில், மூன்று நாள் நகராமல் நிற்பதுதான் இப்போது மாற்றுத் திட்டம். பேட்டரி, தண்ணீர், சாப்பாடு எல்லாமே இந்த மூன்று நாளுக்குத்தான் கணக்கு.

பேட்டரி 12.8 வோல்ட், 200 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 2,560 வாட்-அவர், அதில் 2,300-ஐக் கையில் எடுக்கலாம். ஒரு நாள் செலவு: 50 லிட்டர் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் 550, 20 வாட் ஃபேன் இரண்டு பத்து மணி நேரம் 400, விளக்கு 60, பம்ப் 40, போன், லேப்டாப் 150. ஆக 1,200. கூரையில் 400 வாட் சோலார் படுக்கை வாட்டத்தில் கிடக்கிறது. வெயிலடித்தால் 1,400 தாண்டும், மூடிய வானத்தில் 350 வந்தால் பெரிய விஷயம். மழையில் நின்றால் நிகரச் செலவு 850, அதாவது இரண்டே முக்கால் நாள். ஒரு ஃபேனை நிறுத்தினால் மூன்று நாளைத் தாண்டிவிடும். கூரை ஏசி வேண்டாம் என்று முடிவானதும் இதனால்தான்: மூன்று மணி நேரத்தில் மொத்த பேட்டரியும் காலி. கோராபுட் மேட்டில் இரவில் கம்பளிதான் தேவைப்படும்.

உண்மையான சார்ஜ் வண்டி ஓடும்போதுதான். இன்ஜின் பக்கத்துக் கரண்ட்டை அளவாக எடுத்து லித்தியம் பேட்டரிக்கு ஏற்றும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் சுமார் 400 வாட் தரும், மூன்று மணி ஓட்டம் ஒரு நாள் செலவை அடைத்துவிடும். லித்தியம் பேட்டரியை ஆல்டர்னேட்டரோடு (இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தருவது) நேராக இணைக்கக் கூடாது. அதன் உள்தடை குறைவு, கிடைக்கிற கரண்ட்டை எல்லாம் உறிஞ்சும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். ஒயர் போகும் தூரம் 5 மீட்டர், போக வர 10. அதில் 6 சதுர மில்லி ஒயர் போட்டபோது சார்ஜர் வாயில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இறங்கியது, சார்ஜர் அடிக்கடி நின்று நின்று வேலை செய்தது. 16 சதுர மில்லி போட்டதும் இறக்கம் 0.4 வோல்ட். இரண்டு முனையிலும், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள், ஃபியூஸ் வேண்டும். ஒரு முனையில் மட்டும் போட்டால் நடுவில் ஒயர் உரசும்போது மறுபக்கத்து பேட்டரி அதற்குத் தீ வைக்கும். சார்ஜரைத் தூண்டும் ஒயரை முதலில் எப்போதும் உயிரோடிருக்கும் லைனில் கோத்திருந்தோம். இரண்டு நாளில் ஸ்டார்ட்டர் பேட்டரி 11.8 வோல்ட்டுக்கு வந்துவிட்டது. இப்போது இக்னிஷன் லைனில்.

கூரைதான் அதிக நாள் தின்றது. வெண்ட் ஃபேனுக்கு 14 அங்குலச் சதுரம் வெட்டினால், கூரைத் தகட்டின் மேடு பள்ளத்தில் சட்டம் சமமாக உட்காராது. காசிமேட்டில் ஃபைபர் படகுக்கு அச்சு எடுக்கும் முறையில், சதுர மீட்டருக்கு 450 கிராம் கண்ணாடி நார் விரிப்பு (450 ஜிஎஸ்எம் மேட்) நான்கு அடுக்கில் ஒரு அடித்தளச் சட்டம் வார்த்தோம். ஒரு கிலோ ரெசினுக்கு ஹார்ட்னர் 10 மில்லி போதும். மதிய வெயிலில் 20 ஊற்றினால் தூரிகை டப்பாவிலேயே கல்லாகிவிடும், ஈரக் காற்றில் குறைத்து ஊற்றினால் மேல்தோல் பிசுபிசுவென்றே கிடக்கும். காலை ஒன்பதுக்குள் முடிப்பது நல்லது. பாலியெஸ்டர் ரெசின் பெயின்ட் அடித்த தகட்டில் ஒட்டாது, அதனால் வார்த்த சட்டத்தைத் தனியாக எடுத்து, கீழே பியூடைல் டேப், விளிம்பில் பியூ (பாலியூரிதேன்) சீலன்ட். சாதாரண சிலிக்கான் ஆறு மாதத்தில் தோல் உரிகிற மாதிரி உரியும், அதன் மேல் வேறு எதுவும் ஒட்டவும் ஒட்டாது.

சோதனை: ஹோஸ் பைப்பில் இருபது நிமிடம். சமதரையில் ஒரு சொட்டு இல்லை. முன் சக்கரம் மேட்டில் இருக்கும்படி சாய்த்து நிறுத்தினோம், கட்டில் தலைமாட்டில் சொட்டியது. வெண்ட்டைத்தான் சந்தேகப்பட்டோம். சீலிங் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தபோது, சோலார் ஒயர் நுழையும் இடத்திலிருந்து தண்ணீர் ஒரு நூல் போலக் கூரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு 70 சென்டிமீட்டர் ஊர்ந்து, ஒரு ஸ்குரூ முனையில் முத்தாகத் தொங்கி விழுந்தது. ஒயர் நுழையும் மூடியான கிளாண்டின் வாய் முன்பக்கம் பார்த்திருந்தது. பின்பக்கம் திருப்பி, ஒயரைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலேற்றிய பிறகு நின்றது. சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே பூசிக்கொண்டிருந்தால் ஒரு டியூப் வீணாகியிருக்கும்.

எடை. மணலியில் கன்டெய்னர் லாரிகளுக்கான எடை மேடைக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. மொத்த எடை மட்டும் பார்த்துவிட்டு வரக் கூடாது. முன் அச்சு, பின் அச்சு, பிறகு ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மேடையில் இருக்கும்படி தனித்தனியாகப் போட வேண்டும். டீசல், தண்ணீர் நிரப்பி, ஆள் இல்லாமல் முன்னால் 1,480 கிலோ, பின்னால் 2,260. பின் அச்சில் இடது 1,210, வலது 1,050. தண்ணீரும் அடுப்படியும் பேட்டரியும் ஒரே பக்கம். பேட்டரி, இன்வெர்ட்டர், டூல் பெட்டி சேர்ந்து 55 கிலோவை வலப்பக்கம் மாற்றினதில் வித்தியாசம் 160-லிருந்து 50 ஆனது. 120 லிட்டர் தொட்டி பின் அச்சுக்குச் சற்று முன்னால். அச்சுக்குப் பின்னால் வைத்தால் வளைவில் வால் ஆடும். தொட்டியைச் சுத்தம் செய்ய 5 சதவீத ஹைப்போகுளோரைட் 120 மில்லி விட்டு நிரப்பி, நாலு மணி நேரம் ஊறவிட்டு, வாசனை போகும்வரை அலசினால் போதும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 லிட்டர் என்றால் மூன்று நாள் தாராளம்.

அரக்கு மலைப்பாதைக்கு பிரேக் ஆயில் புதிது. பழைய ஆயில் ஈரம் குடித்திருக்கும், நீண்ட இறக்கத்தில் கொதித்து பெடல் தரை தட்டும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் பாருங்கள், 1523 என்றால் 2023-இன் 15-ஆவது வாரம். எங்கள் ஸ்டெப்னி மட்டும் ஏழு வயது, மாற்றியாயிற்று.

காகிதம்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி வண்டியின் அமைப்பை ஆர்டிஓ அனுமதி இல்லாமல் மாற்றக் கூடாது. ஆர்சி புக்கிலும் இன்ஷூரன்ஸிலும் மாற்றம் ஏறாமல் மாநில எல்லை தாண்டுவது வம்பு.

ஓட்டம் ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர், அதற்கு மேல் இல்லை. அந்தப் பக்கம் ஐப்பசியில் ஐந்தரைக்கே இருட்டிவிடும், மூன்று மணிக்கு நிற்கும் இடம் போய்ச் சேர வேண்டும். கிளம்பும் நாள் விடியற்காலை நாலரைக்கு மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பஞ்செட்டியில் என்ஹெச் 16 ஏறுவது. ஆறு மணிக்கு மேல் ஆனால் டிரெய்லர் வரிசைக்குப் பின்னால் ஊர்வலம்தான். வியாசர்பாடி பக்கத்து சுரங்கப்பாதைகள் திரும்பும்போது எந்த மழையிலும் கூடாது. சோலாரோடு உயரம் 2.9 மீட்டர், டாஷ்போர்டில் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது.

சாப்பாட்டுப் பெட்டியில் ரவை, அவல், பால் பவுடர், பருப்புப் பொடி, ஊறுகாய். கருவாட்டுக்கு மட்டும் அனுமதி இல்லை, மூன்று நாள் கதவடைத்து உட்கார வேண்டிய வண்டி. கேஸுக்கு 5 கிலோ சிலிண்டர். கேஸ் காற்றைவிடக் கனம் என்பதால் சிலிண்டர் வைக்கும் பெட்டிக்கு அடித்தரையில் இரண்டு துளை. மேலே எத்தனை ஜன்னல் திறந்திருந்தாலும் கசிவு தரையில்தான் தேங்கும்.

பாக்கி: கழிவுத் தண்ணீர்த் தொட்டி வால்வு பிடிவாதமாகக் கசிகிறது, வாஷர் இரண்டு முறை மாற்றியும். மூன்றாவதாக, இப்போதிருக்கும் கேட் வால்வை எடுத்துவிட்டு, உள்ளே உருண்டை திரும்பி அடைக்கும் பால் (ball) வால்வு போட வேண்டும். அதைப் போட்ட பிறகு செங்குன்றம் வரை தொட்டி நிறைய ஒரு ஓட்டம்.