ஓநாய் வரைந்தால் நாய் வருதா?

பாட்டியைப் பார்க்கப் போகும் சிறுமியை ஓநாய் ஏமாற்றும் ஐரோப்பியக் கதையான சிவப்புத் தொப்பியை, வேலூர்ப் பக்கம் நடப்பது போலப் புத்தகத்துக்குப் படம் வரைபவர்களுக்கு இது. ஐரோப்பியப் படங்களில் வரும் சடைமுடி ஓநாய் குளிர்தேசத்து விலங்கு. பாறைக்கரடும் பனைமரமும் உள்ள இடத்தில் நிறுத்தினால் ஒட்டாது. இந்திய ஓநாய் ஒல்லி, முடி குட்டை, காய்ந்த புல் நிறம். தோள் உயரம் 60–70 செ.மீ. ஏழு வயதுப் பெண் சுமார் 120 செ.மீ. இருப்பாள், அவள் இடுப்பளவுதான் ஓநாயின் முதுகு. பயமுறுத்த அதைப் பெரிதாக்க வேண்டாம், தலையைத் தோளுக்குக் கீழே தாழ்த்துங்கள்.

வால் மேலே சுருண்டால் தெருநாய். கண்மணி நெடுக்குக் கீற்றானால் பூனை. வட்டக் கண்மணி, தேன்மஞ்சள் கண். நெஞ்சு குறுகல், முன்னங்கால்கள் நெருக்கமாக. நெஞ்சை அகட்டியதுமே காவல்நாய் ஆகிவிடும்.

சிறுமிக்கு வேலூர் வெயிலில் கம்பளி முக்காடா? பாவாடை சட்டை, தலையில் சிவப்புத் துண்டு போதும். அந்தச் சிவப்பின் நிழலுக்குக் கறுப்பு கலக்காதீர்கள், அழுக்குப் பழுப்பாகும். முதல் பூச்சு நன்றாகக் காய்ந்தபின் அதே சிவப்பில் துளி நீலம் சேர்த்து இன்னொரு பூச்சு. அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பில் அந்தச் சிவப்புக்கு மெஜந்தா 100%, மஞ்சள் 100%, கறுப்பு 0%. ஆனால் நிறமே இல்லாமலும் முடியும்: பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே இதே கதைக்கு வரைந்த, ஓநாயும் சிறுமியும் கட்டிலில் இருக்கும் காட்சி வெறும் கறுப்பு வெள்ளை, அவளுடைய ஓரப்பார்வையே எல்லாம் சொல்லிவிடும்.

இரட்டைப் பக்கப் படத்தில் முகம் நடுமடிப்பிலிருந்து 1 செ.மீ.யாவது தள்ளி இருக்கட்டும். இல்லையென்றால் புத்தகத் தையலில் மூக்கு காணாமல் போகும். அச்சகத்தில் ஓரம் வெட்டுவதற்காகப் படத்தை நாற்புறமும் 3 மி.மீ. கூடுதலாக விடுங்கள்.