குற்ற எண் எழுதிய பஸ் டிக்கெட்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குத் தம்பியின் ரூம்மேட் போன் செய்தான். "அண்ணா, ராத்திரி டீக்கடையில ஏதோ தகராறாம். போலீஸ் அவனை ஜீப்புல ஏத்திட்டுப் போயிட்டாங்கன்னு இப்பதான் கடைக்காரர் சொன்னார். போன் போட்டா சுவிட்ச் ஆஃப்னு வருது."

தம்பிக்குக் காய்ச்சல், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் திருவண்ணாமலையில் பஸ் ஏறினேன். சென்னை கிளாம்பாக்கம் வந்து இறங்குவதற்குள் பதினோரு பேரிடம் பேசியிருந்தேன். கவுன்சிலர், சித்தப்பாவுக்குத் தெரிந்த வக்கீல், ரிட்டையர் ஆன ஏட்டையா என்று யார் யாரோ. எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "எந்த ஸ்டேஷன்?" அது தெரிந்திருந்தால் நான் ஏன் இவர்களுக்குப் போன் செய்யப் போகிறேன்!

முதல் தப்பு அங்கேதான் நடந்தது. நேராகத் தம்பி தங்கியிருக்கும் ரூம் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வாசலிலேயே நின்றேன். பிறகுதான் புரிந்தது. ஆள் எங்கே குடியிருக்கிறான் என்பது கணக்கில்லை, சம்பவம் எந்த எல்லையில் நடந்தது என்பதுதான் கணக்கு. டீக்கடை சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. சாலைக்கு அந்தப் பக்கம் வேறு ஸ்டேஷன்.

அங்கே போனபோது மணி இரண்டு. ரைட்டர் நோட்டைப் பார்த்துவிட்டுத் தலை நிமிராமலே சொன்னார்: "காலையிலயே ரிமாண்ட் ஆயிடுச்சு. புழல்." அவ்வளவுதான். நான் திரும்பி நடந்தேன். வெளியே பெஞ்சில் தன் மகன் விஷயமாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். "நம்பரை வாங்கிக்கப்பா. நம்பர் இல்லாம போனா எங்கயும் பதில் சொல்ல மாட்டாங்க." திரும்பப் போய்க் கேட்டேன். பேப்பர் இல்லை. சட்டைப் பையில் இருந்த பஸ் டிக்கெட்டின் ஓரத்தில் வழக்கின் குற்ற எண்ணும் சட்டப் பிரிவுகளும் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த பத்தொன்பது நாளும் என்னைக் கரை சேர்த்தது அந்தத் துண்டுக் காகிதம்தான், கவுன்சிலர் இல்லை. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் மாவட்டம், ஸ்டேஷன், வருடம், குற்ற எண் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கையை இறக்கிக்கொள்ளலாம். பாலியல் குற்றம் போன்ற சில வழக்குகளில் மட்டும் வெளியில் போட மாட்டார்கள். கோர்ட்டில் எந்தக் கவுன்டரில் நின்றாலும் முதல் கேள்வி அந்த எண்தான். வக்கீலும் அதைத்தான் கேட்டார்.

ஒரு கேள்வி மட்டும் மனசை அறுத்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு ஏன் யாரும் சொல்லவில்லை? கைதானவர் சொல்லும் உறவினருக்கோ நண்பருக்கோ போலீஸ் உடனே தகவல் தர வேண்டும் என்பது சட்டம். 1996இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 48ஆம் பிரிவிலும் இருக்கிறது. கடுப்போடு ரைட்டரிடம் கேட்டேன். அவர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். தகவல் சொன்னதாகக் குறித்து ஒரு நம்பர் எழுதியிருந்தது. அது அப்பாவின் நம்பர். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. சிம் எப்போதோ வேறு யாருக்கோ போய்விட்டது. போன் பிடுங்கப்பட்ட நிலையில் தம்பிக்கு மனப்பாடமாக இருந்தவை இரண்டு நம்பர்கள்தான், ஒன்று அவனுடையது, இன்னொன்று அது. ராத்திரி ஒரு மணிக்கு ஏதோ ஓர் ஊரில் யாரோ ஒருவர் போனை எடுத்து, "உங்க பையனை அரெஸ்ட் பண்ணியிருக்கோம்" என்பதைக் கேட்டுவிட்டு மறுபடி தூங்கப் போயிருக்கிறார்.

எங்களுக்கு அரை நாளில் ஆள் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. எந்த ஸ்டேஷனும் "இங்கே இல்லை" என்றால் 100க்கு அழைத்துக் கட்டுப்பாட்டு அறையில் கேட்கலாம். கைதானவர்களின் பெயர் விவரத்தை மாவட்டத் தலைமையகத்திலும் ஸ்டேஷனிலும் வைத்திருக்க வேண்டும் என்று அதே பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 37ஆம் பிரிவு சொல்கிறது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். அதையும் தாண்டி ஆள் எங்கே என்றே தெரியவில்லை என்றால், கமிஷனருக்கோ எஸ்.பி.க்கோ தேதி, நேரம் போட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வக்கீலைப் பார்க்க வேண்டியதுதான்.

அன்று சாயங்காலமே புழல் போனேன். ஞாயிறு, மனு கிடையாது என்று வாசலில் இருந்த காவலர் சொன்னார். ஜெயிலில் ஆளைப் பார்ப்பதற்குப் பெயரே 'மனு'தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். புழல் என்பதும் ஒரே ஜெயில் இல்லை. தண்டனைக் கைதிகள் புழல் ஒன்று, விசாரணைக் கைதிகள் புழல் இரண்டு, பெண்களுக்குத் தனிச் சிறை. தம்பி இருந்தது இரண்டில். வேறு மாவட்டமாக இருந்தால் கிளைச்சிறையாகவும் இருக்கலாம். அதனால் "ரிமாண்ட் ஆயிடுச்சு" என்றதும், எந்தக் கோர்ட், எந்த ஜெயில் என்று அங்கேயே கேட்டுக்கொள்வது நல்லது.

திங்கள் காலை ஆதார் நகலோடு வரிசையில் நின்றேன். போனை உள்ளே விட மாட்டார்கள். சீட்டில் கைதியின் பெயர், அப்பா பெயர், வழக்கு விவரம், எனக்கு என்ன உறவு எல்லாம் எழுத வேண்டும். எனக்கு முன்னால் நின்ற பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உறவு என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுதி, அடித்து, 'தோழி' என்று எழுதி, மறுபடி அடித்து 'மனைவி' என்றே எழுதினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி. இன்டர்காமில் பாதி சத்தம்தான் கேட்டது. பக்கத்தில் இருந்த எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அடித்தார்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். ரிமாண்டுக்கு முன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார்கள் என்றான். அம்மாவுக்குத் தெரியுமா என்றான். அப்புறம் கேட்டது, "வண்டி எங்கண்ணா? டியூ கட்டணுமே." கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. விசாரணைக் கைதி சொந்த உடுப்புப் போட்டுக்கொள்ளலாம் என்பதால் இரண்டு டி-ஷர்ட்டும் கைலியும் கொடுத்தேன். அவன் பெயரில் கொஞ்சம் பணமும் கட்டினேன், உள்ளே கேன்டீனில் சோப்பு, பிஸ்கட் வாங்கிக்கொள்ள.

அன்று இரவே ஒரு போன். "உள்ளே இருந்து பேசறேன். உங்க தம்பியை நல்ல பிளாக்குக்கு மாத்தணும்னா எட்டாயிரம் ஜிபே பண்ணுங்க." கை நடுங்கியது. அனுப்பக்கூட நினைத்தேன். மறுநாள் மனு பார்க்கும்போது கேட்டால், அப்படி யாரையும் தனக்குத் தெரியாது என்றான் தம்பி. முதல் நாள் பதற்றத்தில் இருக்கும் குடும்பங்களைத் தேடிப்பிடிக்கிற கூட்டம் ஒன்று இருக்கிறது போல.

வக்கீல் விஷயத்திலும் அப்படித்தான். கோர்ட் வாசலில் ஒருவர் "மூணே நாள்ல வெளிய எடுக்கறேன், நாற்பதாயிரம்" என்றார். எந்தக் கோர்ட், என்ன பிரிவு என்றுகூட அவர் கேட்கவில்லை. டிக்கெட்டில் இருந்த பிரிவுகளில் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸின் 118(1)உம் இருந்தது. ஆபத்தான பொருளால் காயப்படுத்தியது. டீ கிளாஸ்தான் அந்த ஆபத்தான பொருள். ஸ்டேஷனிலேயே ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத பிரிவு அது, பெரும்பாலும் கோர்ட்தான் தர வேண்டும். கடைசியில் நாங்கள் போனது சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு. 1987ஆம் வருடச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, காவலில் இருக்கும் யாருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். இலவசம் என்றால் ஏனோதானோ என்றிருக்கும் என்று சித்தப்பா முகம் சுளித்தார். வந்த வக்கீலம்மா முதல் நாளே வக்காலத்தை ஜெயிலுக்கு அனுப்பி, தம்பி கையெழுத்தும் சிறை அதிகாரி சான்றும் வாங்கிவிட்டார்.

அம்மாவிடம் உண்மையைச் சொல்ல வேண்டி வந்தது. "பதினைஞ்சு நாள்தானே, முடிஞ்சதும் விட்டுருவாங்க" என்று அவரே சமாதானம் ஆகிவிட்டார். பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ரிமாண்டின் பதினைந்து நாள் என்பது தண்டனை இல்லை, விசாரணைக்காகக் காவலில் வைக்கும் கெடு. அது முடிந்தால் நீட்டிப்பார்கள், பெரும்பாலும் வீடியோவிலேயே. ஜாமீன் கேட்டு வாங்கினால்தான் ஆள் வெளியே வரும். இந்த மாதிரி வழக்கில் 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை போடவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமையாகிவிடும், பெரிய தண்டனை உள்ள வழக்குகளில் அது 90 நாள். அதற்கும் கேட்டு மனு போட வேண்டும், தானாக வராது.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு தள்ளுபடி. காயம்பட்டவர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று போலீஸ் தரப்பு சொன்னது. அன்று நான் சாப்பிடவில்லை. வக்கீலம்மா மட்டும், "இது வழக்கம்தான் தம்பி, செஷன்ஸ்ல போடுவோம்" என்றார். பதினேழாவது நாள் செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தது.

ஆர்டர் வந்தால் அன்றே வீட்டுக்கு வந்துவிடுவான் என்று பிரியாணிக்குச் சொல்லிவைத்தவன் நான். இரண்டு ஜாமீன்தாரர்கள், தலைக்குப் பத்தாயிரம், அதில் ஒருவர் இரத்த சொந்தம் என்று உத்தரவு. நான் ஒருவன். இன்னொருவருக்கு ரேஷன் கார்டு, ஆதார், போட்டோ எல்லாம் தயார் செய்து வருவதற்குள் ஒரு நாள் போனது. வந்தவர் ரூம்மேட் வேலை செய்யும் கடை முதலாளி, எங்கள் முகத்தை அன்றுதான் முதலில் பார்த்தார். பதினோரு பேருக்குப் போன் செய்தேனே, அவர்களில் ஒருவரும் வரவில்லை. ஜாமீன்தாரர்களை கோர்ட் ஏற்றுக்கொண்டு விடுதலை உத்தரவு போகும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. லாக்அப் நேரத்துக்குப் பிறகு போனால் மறுநாள்தான் என்றார்கள். அப்படியே ஆனது.

வியாழக்கிழமை பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். தாடி வளர்ந்திருந்தது. மறுநாளிலிருந்து தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கண்டிஷன் கையெழுத்து. ஒரு நாள் தவறினாலும் ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி மனு போடுவார்கள் என்று வக்கீலம்மா இரண்டு தடவை சொன்னார். கம்பெனியில் பேசி மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டான்.

வண்டி இன்னும் ஸ்டேஷனில்தான் நிற்கிறது. அதைத் திரும்பக் கேட்க கோர்ட்டில் தனி மனுவாம். போன வாரம் அதற்காகப் போனபோது குமாஸ்தா குற்ற எண்ணைக் கேட்டார். ஆதார் கார்டுக்குப் பின்னால் இருந்து டிக்கெட்டை எடுத்தேன். அச்சு எல்லாம் மங்கிப்போய் எங்கிருந்து எங்கே வந்தேன் என்பதுகூடத் தெரியவில்லை. பேனாவில் எழுதியது மட்டும் அப்படியே இருந்தது. அவர் பார்த்து எழுதிக்கொண்டார்.