சீட் உள்ள, சீட் வெளிய

மே 4, திங்கள்

கத்திரி இன்னைக்குத்தான் ஆரம்பமாம், போன வாரம் அடிச்சதுக்கு பேரு என்னன்னு தெரியல. அப்பாவ டயாலிசிஸுக்கு உள்ள விட்டுட்டு நாலு மணி நேரம் அந்த பிளாஸ்டிக் சேர்ல உக்கார முடியாம, மண்டி பக்கம் இருக்கற எடை மேடைல வண்டிய ஏத்திட்டேன். அடுத்த மாசம் மெட்ராஸ் பக்கம் இருங்காட்டுக்கோட்டைல நடக்கற டிராக் ரேஸுக்கு பேர் குடுத்திருக்கேன், நின்ன எடத்துலேந்து நேரா கால் மைல் ஓட்டணும். சீட்டு போடறவர் எட்டிப் பாத்துட்டு "ஸ்விஃப்ட்ல எத்தன டன் மாங்காப்பா ஏத்தினே"ன்னாரு. என்னையும் சேத்து 1090. அது பத்து பத்து கிலோவாத்தான் காட்டும், அதனால அஞ்சு கிலோ இப்படி அப்படி இருக்கலாம்.

அப்பா: போறப்ப 57.8, வர்றப்ப 55.2. டிரை வெயிட், அதாவது ஒடம்புல தண்ணி சேராம இருக்க வேண்டிய எடை, 55.

மே 5

தூக்கம் வரல. கணக்கு போட்டேன். எடைய பவுண்டுல எடுத்து குதிரை சக்தியால வகுத்து, அதுக்கு கன மூலம் எடுத்து 5.825ஆல பெருக்கினா கால் மைல் டைம் வரும், அதாவது 402 மீட்டர். எல்லாம் ஒழுங்கா நடந்தா வர்ற டைம் அது. 1090 கிலோவுக்கு, கம்பெனி சொன்ன 87 குதிரைய அப்படியே நம்பினா, 17.6 வினாடி. 50 கிலோ கொறைச்சா 17.3. ஆனா இது 2008 மாடல், அந்த 1.3 லிட்டர் எஞ்சின்ல இன்னும் எத்தன குதிரை உசுரோட இருக்குன்னு யாருக்கு தெரியும். குதிரை சேக்க காசு வேணும். எடை கொறைக்க ஸ்பேனர் போதும்.

மே 8, வெள்ளி

ஸ்டெப்னி, ஜாக்கி, பார்சல் டிரே, பின் சீட், எல்லாம் வெளிய. அப்பாவுக்கு வாங்கின டிஜிட்டல் மெஷின்ல நான் ஒருதரம் நின்னு, அப்புறம் ஒண்ணொண்ணா கட்டிப்புடிச்சுட்டு நின்னு கழிச்சு பாத்தேன். ஸ்டெப்னி மட்டும் 14.6. சீட் மெத்தையும் சாயறதும் சேத்து 23 கிட்ட. சீட்டுக்கு அடில ரெண்டு ரூபா காசு, ஒரு பழைய பிளட் டெஸ்ட் பில்லு, நார் வெளுத்துப்போன ஒரு செந்தூரா கொட்டை. போன வருஷத்தோடது இல்ல, போன வருஷம் எங்க வீட்ல யாரும் வண்டில மாம்பழம் சாப்பிடல. அதுக்கு முந்தின வருஷத்தோடது.

அம்மா வாசல்ல நின்னு பாத்துட்டு ஒரே கேள்விதான் கேட்டா. "திங்கக்கெழம அவரு எங்கடா படுப்பாரு?"

அதுக்குள்ள மாட்டிடுவேன்மா.

மே 11

சீட் உள்ள.

மே 12

சீட் வெளிய. இப்ப ராட்செட் இருந்தா பத்து நிமிஷ வேலை.

மே 14, வியாழன்

திரும்பி வர்றப்ப டோல் தாண்டினதும் அப்பாவுக்கு கெண்டைக்கால் இழுத்துக்கிச்சு, கூடவே பிரஷர் எறங்கிடுச்சு, பின் சீட்ல காலத் தூக்கி வெச்சு படுக்க வெச்சு அம்மா தேச்சுக்கிட்டே வந்தா, நான் 40ல ஓட்டிட்டு வந்தேன், பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சே கொன்னுட்டான். இன்னைக்கு மூணு கிலோ எடுத்திருக்காங்க. ஒரே தடவைல அவ்ளோ தண்ணிய உருவினா ஒடம்பு தாங்காதுன்னு சிஸ்டர் எப்பவும் சொல்றதுதான், ஆனா மூணு கிலோ எப்படி ஏறுச்சு? ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்னு கணக்கு வெச்சு பாட்டில்ல கோடு போட்டு வெச்சிருக்கு. இந்த வெயில்ல ஒரு லிட்டர்ல யாரால இருக்க முடியும்னு நான் கேக்கலாம், அவரு கேக்கல. தெருவே மாம்பழ வாசனை, பழக்கூழ் ஃபேக்டரிக்கு போற டிராக்டர் எல்லாம் வீட்டு வழியாத்தான் போகுது, பெங்களூரா மாங்கா மேல மேல குமிச்சு கட்டி. நாப்பது வருஷம் மாங்கா ஏத்தி எறக்கின மனுஷன் ஒரு துண்டு சாப்பிடக்கூடாது, பொட்டாசியம். எளநியும் கெடையாது. டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக் குழாய சேத்து ஃபிஸ்டுலா போட்ட கைய தலைக்கு அடில வெச்சு படுக்காதீங்கன்னா மட்டும் கேக்க மாட்டாரு. நைட் ரெண்டு தடவ எழுந்து போயி அந்த கைய தொட்டுப் பாத்தேன். துடிப்பு இருக்கு.

வண்டிய பத்தி இன்னைக்கு ஒண்ணுமில்ல.

மே 17, ஞாயிறு

பிளாட் போட்டு விக்காம கெடக்கற லேஅவுட் ஒண்ணு இருக்கு போச்சம்பள்ளி ரோட்ல, தார் நல்லா இருக்கு, ஆடு மேய்க்கறவரத் தவிர ஆள் கெடையாது. வாட்ச்மேன்கிட்ட சொல்லிட்டு டேப் புடிச்சு அறுவது அடி, அதாவது 18.3 மீட்டர் அளந்து சாக்பீஸ்ல கோடு. மச்சான் போன்ல ஸ்லோ மோஷன், வினாடிக்கு 240 ஃப்ரேம். ஃப்ரேம எண்ணினா டைம். ஏன் அறுவது அடின்னா, அங்க ஒரு பத்துல ஒரு பங்கு வினாடி மிச்சம் புடிச்சா கடைசில அது ஒண்ணரை ரெண்டு மடங்கா வரும். டாப் ஸ்பீடு எல்லாம் சும்மா, இந்த மொத அறுவது அடிலதான் எல்லாமே.

4000 ஆர்பிஎம்ல கிளட்ச விட்டா முன் வீல் சுத்திக்கிட்டே நிக்குது. 2000ல விட்டா எஞ்சின் அமுங்கி எருமையாட்டம் எழுந்திரிக்குது. 2800 பக்கம் புடிச்சு, பாதி கிளட்ச்ல ஒரு வண்டி நீளம் இழுத்துட்டு முழுசா விட்டாத்தான் கடிக்குது. காத்து முன்னாடி 26, பின்னாடி 38. முன்னாடி கொறைச்சா டயர் தரைல பரவி உக்காரும், பின்னாடி ஏத்தினா சும்மா உருளறதுக்கு லேசு. பெஸ்ட் 2.7க்கு ரெண்டு ஃப்ரேம் கீழ.

ஆனா ஒவ்வொரு தடவையும் பிடிக்கறப்ப முன்னாடி தடதடதடன்னு ஒரு குதி. டேஷ்போர்டே கழண்டு விழற மாதிரி. கிளட்ச் நாத்தம் வேற, சட்டைல ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வந்துச்சு.

மே 19

மெக்கானிக் அண்ணன் கீழ படுத்து எஞ்சின ஒரு கம்பில நெம்பினாரு, ஒரு இஞ்ச் ஆடுச்சு. எஞ்சின தாங்கற கீழ் மவுண்ட் ரப்பர் கிழிஞ்சு ரெண்டா நிக்குது. டயர் புடிச்சு விட்டு புடிச்சு விட்டு குதிக்கறதுக்கு இதுதான் காரணமாம், டிரைவ் ஷாஃப்ட் ஒடையாம இருந்ததே பெருசுன்னாரு. மவுண்ட் மூணையும் மாத்த சொல்லிட்டேன். கிளட்ச் பிளேட் இன்னும் ஓடும்தான், "ஆனா அங்க நாலு அடி அடிச்சுட்டு அதே வண்டில நீ கிருஷ்ணகிரி திரும்பணுமே தம்பி"ன்னாரு. அதுதானே. ட்ரெய்லர்ல ஏத்திட்டு வர்றவனுக்கு இந்த கணக்கே இல்ல. என் வண்டி ஞாயித்துக்கெழம ராத்திரி வீட்டுக்கு வந்து திங்கக்கெழம காலைல ஏழு மணிக்கு கெளம்பணும்.

கிளட்ச் செட்டும் போட்டாச்சு. காசு பத்தி எழுதல.

மே 21

போறப்ப 57.1. நல்ல நாள்.

மே 24

மச்சான் மறுபடியும் ஆரம்பிச்சுட்டான், நைட் ஒரு மணிக்கு பைபாஸ்ல ஒரு ஓட்டு ஓட்டி பாக்கலாம்னு. வேணாம். தொப்பூர் கணவாய்ல வாராவாரம் வண்டி கவுந்து கெடக்கறத பாத்துக்கிட்டே வளந்தவங்க நாம, ரோட்ல பாக்கற டைமுக்கு ஒரு மதிப்பும் கெடையாது, சரிவு ஒரு பர்சன்ட் இருந்தாலே எல்லாம் பொய். அடுத்தது 100 ஆக்டேன் பெட்ரோல் ஊத்தலாம்னான். தட்டற சத்தம் வராத எஞ்சினுக்கு ஆக்டேன் ஏத்தினா குதிரை ஏறாது, பர்ஸ்தான் எறங்கும். அவன் நம்பல.

நான் நம்பறது காத்த. நம்ம ஊரு கடல் மட்டத்துக்கு மேல 500 மீட்டர் கிட்ட. இங்க காத்து மெலிசு, டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது நேரா பவர்ல அடிக்கும். இருங்காட்டுக்கோட்டை கிட்டத்தட்ட கடல் மட்டம்தான், அஞ்சு பர்சன்ட் சும்மாவே கெடைக்கணும். ஆனா சூடு மூணு டிகிரி ஏறினா ஒரு பர்சன்ட் போயிடும், மெட்ராஸ் ஜூன் வெயில்ல மத்தியானம் ஓட்டினா கெடைச்சதெல்லாம் திருப்பி குடுத்துட வேண்டியதுதான். காலைலயே மொத ரன் கெடைச்சா நல்லது.

மே 28

கத்திரி முடிஞ்சுது. மழை வரும்னாங்க, தூசிதான் வந்துச்சு. அக்கா போன். "ஞாயித்துக்கெழம நீ அங்க இருக்கறப்ப இங்க ஏதாவது ஒண்ணுன்னா?" நான் பதில் சொல்லாம பேச்ச மாத்திட்டேன். அவ சொல்றதும் சரிதான், வியாழனுக்கும் திங்களுக்கும் நடுவுல இருக்கற நாள்தான் நீளம், ஞாயித்துக்கெழம ராத்திரிதான் மூச்சு வாங்கும். பந்தயமும் அதே ஞாயித்துக்கெழமதான் வரணுமா.

பேர் குடுத்த காச திருப்பி தரமாட்டாங்க. தந்தா?

மே 30, சனி

ராத்திரி ஷெட்ல அப்பா டார்ச் புடிச்சாரு. ரொம்ப நாளைக்கப்புறம். அந்த மரம்னா என்னடான்னு கேட்டாரு, சொன்னேன்: ரேஸ கெளப்பற லைட் கம்பம். மேல சின்ன லைட்டு, வண்டி கோட்டுக்கு வந்ததுக்கு. அப்புறம் மஞ்சள் மூணு, அரை அரை வினாடி இடைவெளில. அப்புறம் பச்சை. முந்திட்டா சிவப்பு, கதை முடிஞ்சுது. பச்சைய பாத்து கெளம்பினா லேட், கடைசி மஞ்சள்லயே கால் எழுந்துடணும். ஆனா டைம் ஓட ஆரம்பிக்கறது பச்சைல இல்ல, வீல் அந்த லைட் கோட்ட விட்டு நகர்றப்பதான், அதனால லேட்டா எடுத்தாலும் டைம் கெடாது, பக்கத்து வண்டிகிட்டதான் தோப்போம். அமெரிக்காவுல 1963லேந்து மரம்தான், அதுக்கு முன்னாடி ஒருத்தர் கொடி ஆட்டுவாரு.

"பரவால்ல, கொடிக்காரன் அந்தப் பக்கம் சாதிக்காரனா இருந்தா என்ன பண்றது"ன்னாரு.

அப்புறம் முன் வீல் சுத்தற கதைய சொன்னதும் சிரிச்சாரு. அவரு மெட்டடோர் வேன் வெச்சிருந்தப்ப அதுவும் முன் வீல் இழுவைதானாம். பின்னாடி மாங்கா ஏத்தி மேட்டுல நிறுத்தி எடுத்தா முன்னாடி லேசாயி வீல் சும்மா சுத்துமாம், லோடுமேன் ரெண்டு பேர முன் பம்பர்ல உக்கார வெச்சு மேடேத்துவாங்களாம். நான் புக்குல படிச்சது, கெளம்பறப்ப எடை பின்னாடி சாயும், முன் வீல் டிரைவுக்கு அதான் சாபம்ங்கறது, அவரு காவேரிப்பட்டணம் மேட்டுலயே முடிச்சிருக்காரு.

"அப்ப முன்னாடி ஒரு ஆள் உக்காந்தா நல்லதுதானே?"

நல்லதுதான். ஆனா அந்த எடையையும் சேத்து இழுக்கணுமேப்பா. 55 கிலோன்னா கால் வினாடிக்கு மேல.

"57"ன்னாரு.

ஜூன் 1

சீட் உள்ள. 58.0.

ஜூன் 4, வியாழன்

அப்பா அவரே சிஸ்டர்கிட்ட கேட்டிருக்காரு, மெட்ராஸ் போயிட்டு வரலாமான்னு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. திங்கக்கெழம காலைல டயாலிசிஸ் மெஷின்ல இருக்கணும், தண்ணி அளவு மீறக்கூடாது, வெயில்ல நிக்கக்கூடாது, மூச்சு வாங்கினா பக்கத்துல எந்த ஆஸ்பத்திரியா இருந்தாலும் போயிடணும்னு சொல்லி பழைய ரிப்போர்ட் எல்லாம் ஒரு கவர்ல போட்டு குடுத்திருக்காங்க. அக்காவுக்கு போன் போட்டதும் அவருதான். என்ன பேசினாரோ, அவ எனக்கு கூப்புடல.

அம்மா தயிர்சாதம் வேணாம்னு லெமன் சாதமா, அதுல உப்பு எவ்ளோன்னு தனியா கணக்கு போட்டுட்டு இருக்கா.

ஜூன் 5

பெட்ரோல் கால் டேங்க்தான் வெச்சு போகணும்னு பிளான், 43 லிட்டர் டேங்க் ரொம்பினா 32 கிலோ. ஆனா 200 கிலோமீட்டருக்கு மேல ஓட்டணும், கால் டேங்க்ல அங்க போயி சேர்ற மாதிரி ராணிப்பேட்டைல ஊத்திக்கணும். ஹெல்மெட், ஃபுல் ஹேண்ட் சட்டை, லைசென்ஸ், ஆர்சி, ராட்செட், காத்து பாக்கற கேஜ், எடை மெஷின் (அப்பாவுக்கு), கோடு போட்ட பாட்டில்.

ஜூன் 6, சனி

ஆம்பூர் தாண்டி டீ. ரெண்டு டீய மூணாக்கி. சீட் உள்ளதான் இருக்கு, வழி முழுக்க அம்மா அதுல தூங்கறா. அப்பா முன் சீட்ட விடல. புது மவுண்ட்டுக்கு ஐடில்ல ஸ்டியரிங் கொஞ்சம் அதிருது, ஏசி போட்டா அதிகம். கிளட்ச் அருமை.

ஜூன் 7, ஞாயிறு

காலைல ரூம்ல மெஷின்ல 57.4. பயந்த அளவுக்கு இல்ல.

செக்கிங் கியூல நிக்கிறேன். பேட்டரி கிளாம்ப ஆட்டிப் பாக்கறாங்க, உள்ள எது லூசா இருந்தாலும் எடுக்க சொல்றாங்க. முன்னாடி நிக்கற போலோவுக்கு பானட்ட தெறந்து பத்து நிமிஷமா ஏதோ வாக்குவாதம். நம்ம பின் சீட்ட கழட்டி நெழல்ல போட்டு அம்மா அதுல உக்காந்துட்டா, கவர் மடில. அப்பாவயும் போயி அங்க படுங்கன்னா கேக்கல, முன் சீட்ல பெல்ட் போட்டு உக்காந்திருக்காரு, டேஷ்போர்ட தட்டிக்கிட்டு. பக்கத்துல ஆள் ஏத்திக்கிட்டு ஓட்ட விடமாட்டாங்கன்னு இன்னும் அவருகிட்ட சொல்லல. முன்னாடி ரெண்டே வண்டி.