தையல் கோணினால் உளியைப் பார்

தோல் வேலை பழக வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது தையலைப் பற்றித்தான். பர்ஸின் ஓரத்தில் லேசாகச் சாய்ந்து, ஒரே அளவில் ஓடுகிற அந்தத் தையல் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை. தையலைக் கற்றுக்கொள்ள ஒரு மதியம் போதும். அது ஏன் நேராக வரவில்லை என்று கண்டுபிடிக்கத்தான் மாதக்கணக்கில் ஆகிறது. காரணங்களில் பாதிக்கு மேல், ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே நடந்து முடிந்தவையாக இருக்கும்.

துணியில் ஊசி தப்பாக இறங்கினால் பிரித்துவிட்டு விரலால் நீவிவிடலாம், துளை மூடிக்கொள்ளும். தோலில் விழுந்த துளை விழுந்ததுதான். இன்னொன்று, இந்த வேலையில் பிழை செய்த இடத்தில் தெரியாது; ஒரு படி தள்ளித்தான் கண்ணில் படும். வெட்டில் செய்த தப்பு ஒட்டும்போது தெரியும். ஒட்டுவதில் செய்தது ஓரம் தேய்க்கும்போது தெரியும். துளை போடுவதில் செய்தது தைத்து முடித்தபிறகு தெரியும்.

முதலில் தோல். சென்னை பெரியமேட்டுத் தோல் கடைகளில் எல்லா நிறத்திலும் சுருள் சுருளாக அடுக்கியிருப்பதில் பெரும்பகுதி குரோம் தோல், அதாவது குரோம் உப்பில் பதனிட்டது. மெத்தென்றிருக்கும், நனைந்தாலும் பெரிதாக மாறாது, ஷூவுக்கும் ஜாக்கெட்டுக்கும் அருமையான சரக்கு. ஆனால் புதிதாகக் கற்கிறவருக்கு அது ஒத்துழைக்காது. வெட்டும்போது கத்தியோடு சேர்ந்து இழுபடும். ஓரத்தை எவ்வளவு தேய்த்தாலும் மெருகு ஏறாது, பெயின்ட்தான் அடிக்க வேண்டும். ஈரமாக்கி அச்சுப் பதித்தால் காய்ந்ததும் அச்சு மங்கிவிடும். பழகுவதற்கு மரப்பட்டையில் பதனிட்ட தோல்தான் சரி. கடையில் ‘வெஜ் டேன்’ என்று கேட்க வேண்டும். இரண்டையும் பிரித்தறிய வெட்டுமுகத்தைப் பாருங்கள். குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் சாம்பல் கலந்த நீலம் தெரியும், பட்டைத்தோல் உள்வரை பழுப்பு. சாயம் உள்வரை ஏறியிருந்தால் இந்தச் சோதனை ஏமாற்றிவிடும். அப்போது பூச்சில்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், பட்டைத்தோல் அதை உடனே குடித்துக் கறுக்கும்.

பட்டைத்தோல் நமக்கு வெளியூர்ச் சரக்கில்லை. ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுத்த தோலுக்கு ‘ஈஸ்ட் இந்தியா’ தோல், சுருக்கமாக இ.ஐ. தோல் என்று பெயர். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. கடுக்காய் சேர்ப்பது வெறும் சடங்கில்லை. ஆவாரம்பட்டைத் தோல் வெளிச்சம் பட்டுச் சிவந்துபோவதை அது தடுக்கிறது. 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு மத்திய அரசு கடிவாளம் போட்டு, முழுதாக முடித்த தோலுக்கும் தோல் பொருளுக்கும் கை கொடுத்தது. அதிலிருந்து தொழில் பெரும்பாலும் குரோம் பக்கம் சாய்ந்துவிட்டது. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு வட்டாரத்தில் இ.ஐ. தோல் இன்னும் வருகிறது. தேடி வாங்க வேண்டும்.

தோல் சதுர அடிக் கணக்கில் விற்கும். தடிமன் கேட்காமல் வாங்கக் கூடாது. கார்டு வைக்கும் சின்னப் பைக்கு 1.2 முதல் 1.5 மி.மீ., பர்ஸின் உள்ளறைகளுக்கு 0.8 முதல் 1 மி.மீ., ஒற்றைத் தோல் பெல்ட்டுக்கு 3.5 முதல் 4 மி.மீ. வெளிநாட்டுக் குறிப்புகளில் அவுன்ஸ் என்று போட்டிருந்தால் அது எடையில்லை, தடிமன்தான். ஓர் அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 0.4 மி.மீ. ஒரே தோலிலும் இடத்துக்கு இடம் குணம் மாறும். முதுகுப் பகுதி இறுக்கமானது, பெல்ட்டுக்கு அதுதான் வேண்டும். வயிற்றுப் பகுதி தொளதொளவென்று நீண்டுகொடுக்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வயிற்றுத் துண்டில் பெல்ட் வெட்டினால் ஒரே வருஷத்தில் ஒரு ஓட்டை தள்ளிப் போட வேண்டியிருக்கும். இடுப்பு இளைத்தது காரணமில்லை.

கருவிகளைப் பொறுத்தவரை, நாற்பது சாமான் அடங்கிய ‘கிட்’ வாங்காதீர்கள். அதில் முப்பது சாமான் பெட்டியிலேயே கிடக்கும். மீதிப் பத்தும் மொண்ணையாக வரும். வேண்டியவை இவ்வளவுதான்: நல்ல கத்தி ஒன்று, இரும்பு ஸ்கேல், கவராயம், தையலுக்கு வரிசையாகத் துளை போடும், பல்லுக்குப் பல் 4 மி.மீ. இடைவெளியுள்ள தையல் உளி இரண்டு (ஆறு பல் ஒன்று, இரண்டு பல் ஒன்று), கொட்டாப்புளி, முனை மழுங்கிய தோல் ஊசி இரண்டு, 0.6 மி.மீ. மெழுகு நூல், ஓரம் சீவும் பெவலர், உப்புத்தாள். தையல் உளியை இரும்புச் சுத்தியலால் அடிக்கக் கூடாது, உளியின் தலை பூப்பூவாக விரிந்துவிடும். மரக் கொட்டாப்புளியோ நைலான் சுத்தியலோதான். அடியில் வைக்கத் தனிப் பலகை வாங்கப் பணமில்லாதவர்கள், கறிக்கடையில் இருக்கிற மாதிரிப் புளியங்கட்டையைக் குறுக்குவாட்டில் அறுத்து வாங்கலாம். உளியின் பல் மரநார்களுக்கு இடையே இறங்குவதால் முனை சீக்கிரம் மழுங்காது. ஒரு தோல் துண்டை அதன்மேல் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

பணத்தை எதில் போடுவது என்று கேட்டால், உளியிலும் கத்தியிலும் என்பேன். அதிலும் கத்தியின் விலையைவிட அதன் கூர் முக்கியம். செய்தித்தாளை ஒரு கையில் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். கிழியாமல் வெட்டுப்பட்டால்தான் அது தோலுக்கான கத்தி. மரப்பலகையில் ஒரு தோல் பட்டையை ஒட்டி, பச்சை மெருகுக்கட்டியைத் தேய்த்துவைத்து, பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கத்தியை அதில் பின்பக்கமாக இழுத்துக்கொண்டால் சாணைக்கல்லுக்குப் போகும் வேலை வெகுவாகக் குறையும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் ஒடிக்கிற பிளேடு கட்டரும் தொடக்கத்துக்குப் போதும். பிளேடை அரை அங்குலத்துக்கு மேல் நீட்டாமல், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டை ஒடித்துவிட வேண்டும். நீட்டினால் வளையும், வளைந்தால் வெட்டுமுகம் சரிவாகிவிடும். மேலிருந்து பார்க்கும்போது நேராக இருக்கிற துண்டு, இரண்டை ஒட்டி ஓரத்தைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று படி மாதிரி நிற்கும்.

முதல் வேலைக்கு இரண்டே துண்டுள்ள கார்டு பை எடுத்துக்கொள்வோம். பின்துண்டு 100 × 70 மி.மீ., முன்துண்டு 100 × 48 மி.மீ. வங்கி அட்டையின் அளவு 85.6 × 54 மி.மீ. அட்டை முன்துண்டுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும், விரலால் பிடித்து எடுக்கலாம். அளவை நேராகத் தோலில் வரையாதீர்கள். கெட்டி அட்டையில் வெட்டி, அதைத் தோல்மேல் வைத்துக் குத்தூசி முனையால் கோடிழுங்கள். பேனா மை பட்டைத்தோலில் ஊறிவிடும், போகாது.

வெட்டும்போது ஸ்கேல் வேண்டிய துண்டின் மேல் இருக்க வேண்டும். கத்தி வழுக்கினாலும் கழிவுப் பக்கம்தான் போகும். ஒரே இழுப்பில் வெட்டி முடிக்க நினைப்பதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. முதல் இழுப்பு லேசாக, மேல்தோலைத் திறக்க மட்டும். இரண்டாவதும் மூன்றாவதும் அதே தடத்தில்.

ஒட்டும் முன் ஒரு வேலை உண்டு, எல்லாரும் மறப்பது. முன்துண்டின் மேல் ஓரம், அதாவது அட்டை நுழையும் வாய். அதைச் சீவி, தேய்த்து, மெருகேற்றி முடித்துவிட வேண்டும். ஒட்டியபிறகு பெவலர் அங்கே நுழையாது; பை முடிந்தபின் எல்லா ஓரமும் பளபளக்க, அது மட்டும் நார் நாராக நிற்கும்.

பசைக்கு ஷூ வேலைக்காரர்கள் பயன்படுத்தும் ரப்பர் சொல்யூஷனே போதும். இரண்டு பக்கமும் ஓரத்திலிருந்து 4 மி.மீ. அகலத்துக்குள் மெல்லப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிஷம் ஆகும், மழைநாளில் கூடுதல். ஈரமாக இருக்கும்போதே அழுத்தினால் வழுக்கி நகரும், ஓரத்தில் பிதுங்கும். பிதுங்கிய பசை படிந்த இடத்தில் பின்னால் சாயமும் ஏறாது, மெருகும் ஏறாது. பின்துண்டின் மேல்முகம் வழவழவென்றிருந்தால் பசை பிடிக்காது. அந்த 4 மி.மீ. பட்டையை மட்டும் உப்புத்தாளால் சுரண்டிவிடுங்கள்.

இனிதான் உளி. கவராயத்தை 3 மி.மீ.க்கு விரித்து, ஒரு காலை ஓரத்தில் ஓடவிட்டு மறுகாலால் கோடு போடுங்கள். ஓரம் கோணலாக இருந்தால் கோடும் அப்படியே கோணும். உளியைக் கோட்டில் வைத்து முதலில் அழுத்தித் தடம் மட்டும் பதியுங்கள். அடுத்தமுறை வைக்கும்போது முதல் பல் முந்தைய தடத்தின் கடைசிக் குழியில் உட்கார வேண்டும். அப்போதுதான் இடைவெளி மாறாது. மூலைக்கு வரும்போது மீதம் 4 மி.மீ.க்குச் சரியாக வராது, இது எப்போதும் நடப்பது. கடைசி ஒற்றைத் துளையை மட்டும் நெருக்கிப் போட்டால் பளிச்சென்று தெரியும். ஐந்தாறு துளை முன்னாலேயே இரண்டு பல் உளிக்கு மாறி, ஒவ்வொன்றிலும் முடியளவு விட்டுக்கொடுத்து வந்தால் கண்ணுக்குத் தெரியாது. இதற்குத்தான் முதலில் தடம் மட்டும் பதிப்பது. பிறகு உளியைச் செங்குத்தாகப் பிடித்து அடியுங்கள். முன்பக்கம் இருந்து பார்க்கிற கண்ணுக்கு உளி தன்பக்கம் சாய்வது தெரியாது. பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாய்ந்த உளியால் அடித்தால் முன்பக்கத் துளைகள் 3 மி.மீ.யில் வரிசையாக நிற்க, பின்பக்கத்தில் சில 2, சில 4 என்று அலையடிக்கும். இப்படி அலைந்த பின்பக்கத் தையலைப் பார்த்துவிட்டு எத்தனையோ பேர் நூலை மாற்றுகிறார்கள், ஊசியை மாற்றுகிறார்கள். உளி வெளியே வர அடம்பிடித்தால் ஆட்டி எடுக்கக் கூடாது, துளை அகன்றுவிடும். அடிக்கும் முன் பல்லைத் தேன்மெழுகில் குத்தி எடுத்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

நூலின் நீளம் தைக்கும் நீளத்தைப்போல் நான்கு மடங்கு. நம் பைக்கு மூன்று பக்கம் சேர்த்துச் சுமார் 19 செ.மீ.; ஊசி பூட்டவும் கடைசியில் முடிக்கவும் சேர்த்து 90 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு முனையிலும் ஒவ்வோர் ஊசி. நூலைக் காதில் கோத்து, அந்த நூலின் உடம்பிலேயே ஊசியை இரண்டு தரம் குத்தி இழுத்தால் பூட்டிக்கொள்ளும், முடிச்சு வேண்டாம். தைக்கும்போது பையை இறுக்கி நிறுத்தும் பிடி இல்லையென்றால் முழங்கால் இடுக்கில் இரண்டு பலகைத் துண்டு போதும்.

முதல் துளையில் நூலின் நடுப்பகுதி வரும்படி இழுத்துச் சமன் செய்யுங்கள். அடுத்த துளையில் இடக்கை ஊசி முதலில் நுழையும். அது மறுபக்கம் வந்ததும் நூலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துப் பிடித்துக்கொண்டு, அதே துளையில் முதல் நூலுக்குக் கீழாக வலக்கை ஊசியை விட வேண்டும். பிடிக்காமல் விட்டால் ஊசி முதல் நூலையே குத்திவிடும். இரண்டும் சிக்கிக்கொண்டு எவ்வளவு இழுத்தாலும் இறுகாது. பிறகு இரண்டு கையும் ஒரே பலத்தில் இழுக்க வேண்டும். மேலாகவா கீழாகவா என்பதைவிட, ஐம்பது துளையிலும் ஒரே மாதிரி என்பதுதான் சாய்வைத் தருகிறது. இடையில் போன் பேசிவிட்டு வந்து கை மாறினால் அந்த ஒரு தையல் மட்டும் படுத்துக் கிடக்கும். மிஷின் தையலில் ஒரு நூல் அறுந்தால் பிரிந்துகொண்டே போகலாம். இதில் ஒரு நூல் அறுந்தாலும் மற்ற நூல் ஒவ்வொரு துளையிலும் குறுக்கே நிற்கும். வாய்ப்பக்கத்தில் முன்துண்டு முடிகிற இடத்தில் இரண்டு சுற்று போடுங்கள், இழுவை அங்கேதான். கடைசியில் மூன்று தையல் பின்னுக்கு வந்து, பாலியெஸ்டர் நூலாக இருந்தால் 2 மி.மீ. விட்டு வெட்டி லைட்டரால் உருக்கி அழுத்திவிடலாம்.

ஓரத்தை 220, 400, 800 எண் உப்புத்தாள்களில் வரிசையாகத் தேய்த்துச் சமமாக்கி, பெவலரால் முனைகளைச் சீவி, விரல் நனைத்து ஈரம் தடவி, கேன்வாஸ் துணியால் சூடு வரும்வரை தேய்த்தால் பட்டைத்தோலின் நார்கள் படிந்து கண்ணாடி மாதிரி ஆகும். தண்ணீர் அதிகமானால் ஓரம் காளான் மாதிரி விரியும், அவ்வளவுதான் ஆபத்து. தேங்காய் எண்ணெய் போட்டால் பளபளப்பு வருமே என்று தோன்றும். நிறம் திட்டுத் திட்டாகக் கறுக்கும், நாளாகச் சிக்கு வாடையும் வரும்.

ஈரமாக இருக்கும் பட்டைத்தோல்மேல் இரும்பு ஸ்கேலையோ கிளிப்பையோ வைத்துவிட்டுப் போகாதீர்கள். கலம்காரித் துணியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பு பிறக்கிற அதே சங்கதி இங்கேயும் நடந்து, கிளிப்பின் உருவம் கறுப்பாகப் பதிந்திருக்கும். உடனே எலுமிச்சைச் சாறு தடவினால் பெரும்பாலும் மறையும். ஐப்பசி மழையில் மிச்சத் தோலைப் பிளாஸ்டிக் கவரில் கட்டிவைத்தால் பூஞ்சை. பருத்தித் துணியில் சுருட்டி வையுங்கள், மடிக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்து, அட்டை உள்ளே நுழைய மறுப்பதும் உண்டு. 94 மி.மீ. போதாதா, அட்டை 85.6தானே என்று அளவைக் குறைத்தவர்களுக்கு இது நடக்கும். 4 மி.மீ.க்குப் பூசிய பசை அழுத்தும்போது பரவிப் பக்கத்துக்கு 5 மி.மீ. தின்றிருக்கும், மிஞ்சியது 84. பிரித்துத் தைக்க முடியாது, துளை இருக்கிறது. துளை வரிசையை ஒட்டி இரண்டு பக்கமும் வெட்டி எடுத்துவிட்டால் சாவிக்கொத்துக்கு ஒரு பட்டையும், அடுத்த பைக்கு உளியைச் சோதித்துப் பார்க்க ஒரு துண்டும் தேறும்.